ஷெல்பி கவுண்டி பள்ளிகள்: ஓராண்டு மட்டுமே நீடித்த இணைப்பு

பின்னணி

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், தென்மேற்கு மூலையில், மிசிசிப்பி ஆற்றின் கரையில் இருக்கிறது ஷெல்பி கவுண்டி. கவுண்டி என்பது மாநிலத்துக்குக் கீழான ஆட்சிப் பகுதி. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே 9,27,644 பேர். அவர்களில் 6,46,889 பேர் மெம்பிஸ் நகரவாசிகள். மற்றவர்கள் ஆர்லிங்டன், பார்ட்லெட், காலியர்வில், ஜெர்மன்டவுன், லேக்லேண்ட், மில்லிங்டன் ஆகிய ஆறு புறநகர்களிலும், எந்த நகராட்சியிலும் சேராத பகுதிகளிலும் வாழ்ந்தார்கள்.

இந்த ஒரு கவுண்டிக்குள் இரண்டு பள்ளி மாவட்டங்கள் இயங்கின. பள்ளி மாவட்டம் என்பது வருவாய்த்துறை மாவட்டம் போன்றதல்ல. பள்ளிகளை நடத்துவதற்கென்றே சட்டம் உருவாக்கிய தனி அமைப்பு அது. அதற்கு மக்கள் தேர்ந்தெடுக்கும் வாரியம் உண்டு. அன்றாட நிர்வாகத்தைக் கவனிக்க வாரியம் ஒரு கண்காணிப்பாளரை அமர்த்தும். மெம்பிஸ் நகரப் பள்ளி மாவட்டம் 1869 இல் மாநிலச் சாசனம், அதாவது தனி மாவட்டமாக இயங்குவதற்கான சட்ட ஆவணம், பெற்றது. 2010 இல் அதில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் படித்தார்கள். பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர், பெரும்பாலோர் வறிய குடும்பத்துப் பிள்ளைகள். புறநகர்களையும் ஊர்ப்பகுதிகளையும் கவனித்த கவுண்டிப் பள்ளி மாவட்டத்தில் சுமார் 47 ஆயிரம் மாணவர்கள். ஒப்பீட்டளவில் வசதியான வீடுகளைச் சேர்ந்தவர்கள்.

இந்தப் பிளவு தானாக வந்ததல்ல. 1961 அக்டோபரில் மெம்பிஸில் 13 கறுப்பினக் குழந்தைகள் நான்கு வெள்ளையர் பள்ளிகளில் முதல் வகுப்பில் சேர்ந்தார்கள். 1973 இல் நீதிமன்ற ஆணைப்படி, இனக்கலப்புக்காக மாணவர்களைப் பேருந்தில் வேறு பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பும் திட்டம் தொடங்கியது. பல்லாயிரம் வெள்ளையினப் பிள்ளைகள் நகரப் பள்ளிகளை விட்டுத் தனியார் பள்ளிகளுக்கும் புறநகர்களுக்கும் போனார்கள். 2010 இல் நகர மாவட்டம் தன் சாசனத்தை ஒப்படைத்துக் கவுண்டி மாவட்டத்தோடு இணைய முடிவெடுத்ததை வெறும் நிர்வாகச் சிக்கலாகப் பார்ப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இரு மாவட்டங்களுக்கு நடுவே கிடந்த எல்லைக்கோட்டின் இருபுறமும் அச்சம் இருந்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் அது பேசப்படாமலே முடிவுகளைத் தீர்மானித்தது.

பணம் வரும் வழி

டென்னசியில் பள்ளி வாரியங்கள் பொதுவாகத் தாமே வரி விதிக்க முடியாது. வாரியம் வரவுசெலவுத் திட்டம் போடும். பணம் தருவது வேறு கை. மாநில அரசு ஒரு சூத்திரத்தின்படி தரும். 1992 முதல் 2023 வரை இருந்த சூத்திரத்தில் ஆசிரியர் எண்ணிக்கை முதல் பாடநூல் வரை 45 கூறுகள் இருந்தன. உள்ளூர்ப் பங்கைக் கவுண்டி ஆணையம் (கவுண்டிக்கு மக்கள் தேர்ந்தெடுக்கும் அவை) சொத்து வரியிலிருந்தும் விற்பனை வரியிலிருந்தும் தரும். உள்ளூர் விற்பனை வரியில் பாதி பள்ளிகளுக்குப் போக வேண்டும் என்பது சட்டம்.

இங்கே கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. கவுண்டி முழுவதும் திரட்டிய பள்ளி வரியை, கவுண்டிக்குள் இருக்கும் எல்லாப் பள்ளி மாவட்டங்களுக்கும் சராசரி தினசரி வருகையின் விகிதத்தில் பங்கிட வேண்டும். நகர மாவட்டத்தில் நூற்றுக்கு எழுபது மாணவர் இருந்தால், கவுண்டி தரும் ஒவ்வொரு நூறு டாலரிலும் எழுபது அங்கே போகும். அந்த நூறு டாலர் எந்த வீட்டிலிருந்து வந்தது என்ற கேள்விக்கு இடமில்லை. மெம்பிஸ் மாணவர்களின் பங்கு அந்த நகரத்துச் சொத்துகளின் வரிமதிப்புப் பங்கைவிடப் பெரியது. ஆகவே புறநகர்ச் சொத்துகளின் வரியில் ஒரு பகுதி ஆண்டுதோறும் நகரப் பிள்ளைகளுக்கு வந்துகொண்டிருந்தது.

மெம்பிஸ் குடும்பங்கள் இதற்கு மேலும் கொடுத்தன. நகரமன்றம் தன் சொத்து வரியிலிருந்து நகரப் பள்ளிகளுக்குத் தனியாகப் பணம் தந்தது. மெம்பிஸில் வீடு வைத்திருந்தவர் கவுண்டி வழியாக ஒருமுறையும் நகரம் வழியாக மறுமுறையும் பள்ளிக்குச் செலுத்தினார், புறநகர்க்காரர் ஒருமுறைதான். இந்த ஏற்பாடு நியாயமற்றது என்ற நகரத்தாரின் குறையில் உண்மை இருந்தது.

முதல் விரிசல்: 2008

2008 இல் மெம்பிஸ் நகரமன்றம் பள்ளிகளுக்குத் தரும் தொகையில் பெரும்பகுதியை வெட்டியது. இரட்டை வரி கூடாது என்பது அதன் வாதம். ஆனால் உள்ளாட்சி அமைப்பு முந்தைய ஆண்டு தந்த அளவைவிடக் குறைத்துத் தரக்கூடாது என்று டென்னசியில் ஒரு விதி உண்டு. நகரப் பள்ளி வாரியம் வழக்குப் போட்டது. 2009 இல் கீழ்நீதிமன்றமும் 2010 இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் வாரியத்தின் பக்கம் தீர்ப்பளித்தன. நகரம் சுமார் 5.7 கோடி டாலர் தர வேண்டியிருந்தது.

தீர்ப்பு கிடைத்தது, பணம் உடனே வரவில்லை. பாக்கி பல ஆண்டுகள் இழுபட்டு 2015 ஜனவரியில்தான் சமரசத்தில் முடிந்தது. ஒரு மாவட்டம் தன் சொந்த நகர அரசோடு நீதிமன்றத்தில் நின்றபடி அடுத்த ஆண்டுக்கான ஆசிரியர் எண்ணிக்கையைத் திட்டமிட வேண்டிய நிலை அது. வாரிய உறுப்பினர் பலருக்கு நகரமன்றத்தின் மேலிருந்த நம்பிக்கை அப்போதே போய்விட்டது.

2010 டிசம்பர்: சாசனத்தை ஒப்படைக்கும் முடிவு

2010 நவம்பர் தேர்தலில் மாநிலச் சட்டமன்றம் புறநகர்களுக்கு அனுகூலமான கட்சியின் வலுவான பெரும்பான்மைக்கு வந்தது. ஆளுநர் பதவியும் அதே கட்சிக்குப் போனது. கவுண்டிப் பள்ளி வாரியத்தின் தலைமை, நெடுநாளாகக் கேட்டுவந்த ஒன்றை மீண்டும் கையிலெடுத்தது: தங்கள் மாவட்டத்தைச் 'சிறப்புப் பள்ளி மாவட்டம்' ஆக்க வேண்டும். புதிய சிறப்பு மாவட்டங்களை மாநிலம் 1982 இல் தடைசெய்திருந்தது; சட்டமன்றம் நினைத்தால் தடையை நீக்கிவிடலாம்.

சிறப்பு மாவட்டத்துக்கு எல்லை நிலையானது, வரியும் தனியானது. கவுண்டிப் பள்ளிகள் தமக்கென வரி பெற்றுவிட்டால், கவுண்டி முழுவதுக்குமான பள்ளி வரியைக் குறைக்கவோ கைவிடவோ ஆணையத்தில் அழுத்தம் வரும். புறநகர்ச் சொத்துகளின் பணம் நகரப் பிள்ளைகளுக்கு வருவது நின்றுபோகும். நகர வாரியம் அஞ்சியது இதற்குத்தான். அந்த அச்சம் கற்பனையல்ல. ஆனால் சட்டம் இன்னும் வரைவாகக்கூட வந்திருக்கவில்லை.

வாரியத்தின் முன் மூன்று வழிகள் இருந்தன. பொறுத்திருந்து, சட்டம் வந்தால் எதிர்ப்பது; கவுண்டி வாரியத்தோடு பேசி, சிறப்பு மாவட்டக் கோரிக்கையைச் சில ஆண்டுகளுக்கு நிறுத்திவைக்கும் உடன்பாட்டை எட்டுவது; தன் சாசனத்தையே திருப்பித் தருவது. மூன்றாவது வழியின் தர்க்கம் எளிது. நகர மாவட்டம் இல்லாமல் போனால் அதன் பிள்ளைகளுக்குக் கல்வி தரும் பொறுப்பு சட்டப்படி கவுண்டி மாவட்டத்தின் மேல் விழும். எல்லாரும் ஒரே மாவட்டத்துக்குள் வந்துவிட்டால் புறநகர் மட்டும் தனியாக வேலி போட முடியாது.

இரண்டாவது வழிக்கான பேச்சு நடந்தது, உடன்பாடு கைகூடவில்லை. 2010 டிசம்பர் 20 அன்று வாரியம் 5க்கு 4 என்ற வாக்கில் சாசனத்தை ஒப்படைக்க முடிவெடுத்தது. நகர வாக்காளர்களின் ஒப்புதல் அதற்குத் தேவை.

இந்த முடிவைத் திரும்பிப் பார்க்கும்போது இரண்டு விடுபடல்கள் கண்ணில் படுகின்றன. முதலாவது: நகர மாவட்டம் மறைந்தால், அதற்குப் பணம் தர வேண்டிய நகரத்தின் கடமையும் மறைந்துவிடும். குறைக்கக்கூடாது என்ற விதி, பெறுவதற்கு ஒரு மாவட்டம் இருக்கும்வரைதான் பொருள் தரும். ஆண்டுக்கு ஆறு கோடி டாலருக்கு மேல் வந்துகொண்டிருந்த ஒரு வழியை அந்த வாக்கு அடைத்தது. நீதிமன்றம்வரை போய் வென்றெடுத்த உரிமை அதுதான். இரண்டாவது: புறநகர்கள் சொந்த மாவட்டம் தொடங்க முடியாமல் இருந்ததற்குக் காரணம் மாநிலத் தடைதான், 1998 முதல் புதிய நகராட்சிப் பள்ளி மாவட்டங்களுக்கும் தடை இருந்தது. அந்தத் தடையை நீக்கும் அதிகாரம், வாரியம் யாரை அஞ்சியதோ அதே சட்டமன்றத்திடம் இருந்தது. வேலி போட முடியாது என்ற கணக்கு, பூட்டின் சாவி எதிர்த்தரப்பிடம் இருப்பதை மறந்து போட்ட கணக்கு.

2011: சட்டம், வாக்கெடுப்பு, தீர்ப்பு

எதிர்வினை ஏழு வாரத்தில் வந்தது. 2011 பிப்ரவரி 10 அன்று நகரமன்றம் சாசன ஒப்படைப்பை ஏற்றது. மறுநாள், பிப்ரவரி 11 அன்று, ஆளுநர் ஒரு புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். அது இணைப்பை உடனே நடக்க விடாமல் 2013 ஆகஸ்ட்வரை தள்ளிவைத்தது. 21 பேர் கொண்ட திட்டக்குழுவை அமைக்கச் சொன்னது. இணைப்பு முடிந்தபின் அந்தக் கவுண்டியில் புதிய நகராட்சி மாவட்டங்கள் தோன்றலாம் என்று தடையைத் தளர்த்தியது. முதல் இரண்டும் நல்ல ஏற்பாடுகள் என்றே சொல்ல வேண்டும். ஒன்றரை லட்சம் பிள்ளைகளை ஆறு மாதத்தில் ஒரே நிர்வாகத்துக்குள் கொண்டுவந்திருக்க முடியாது. மூன்றாவதுதான் கதையின் போக்கை மாற்றியது.

மார்ச் 8 அன்று நகரத்தில் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் சுமார் 67 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். வாக்களிக்க வந்தவர்களோ ஆறில் ஒருவர் அளவுதான். இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு இது மெல்லிய அடித்தளம். வாக்குச்சீட்டில் இருந்தது நிர்வாகத்தை மாற்றுவது பற்றிய கேள்வி மட்டுமே; நகரத்தின் பங்கு நின்றுபோவதையும் புறநகர்கள் பிரியலாம் என்பதையும் வாக்காளர் வேறிடத்தில் தேடித்தான் அறிய வேண்டியிருந்தது.

வழக்குகள் குவிந்தன. ஆகஸ்ட் 8 அன்று கூட்டாட்சி நீதிபதி, இணைப்பு செல்லும், அது பிப்ரவரிச் சட்டத்தின் கால அட்டவணைப்படி நடக்கும் என்று தீர்ப்பளித்தார். தரப்புகளின் உடன்பாட்டில் 23 பேர் கொண்ட இடைக்கால வாரியம் அக்டோபரில் பொறுப்பேற்றது: பழைய நகர வாரியத்திலிருந்து 9 பேர், கவுண்டி வாரியத்திலிருந்து 7 பேர், ஆணையம் புதிதாக நியமித்தவர்கள் 7 பேர்.

2011–2013: தயாரிப்பு

21 பேர் குழு ஏறத்தாழ ஓராண்டு உழைத்து 2012 கோடையில் திட்டத்தை முடித்தது. அதன் வேலையைக் குறைசொல்ல முடியாது. போக்குவரத்து, துப்புரவு, சம்பள அளவு, மருத்துவக் காப்பீடு, தகவல் தொழில்நுட்பம், பள்ளித் தலைமைக்கான அதிகாரம் எல்லாவற்றையும் தனித்தனியே எடுத்து, தற்போதைய செலவையும் இணைந்தபின் ஆகும் செலவையும் பக்கத்தில் பக்கமாக வைத்தது.

அந்தக் கணக்கில் தெரியவந்தது, இணைப்புக்குத் தொடக்கத்திலேயே கூடுதல் செலவு உண்டு என்பது. ஒரே வேலைக்கு இரு மாவட்டங்களில் இரு சம்பளம் இருந்தால், இணையும்போது எவருக்கும் குறைக்க முடியாது. உயர்ந்த அளவுக்கே எல்லாரையும் கொண்டுபோக வேண்டும். மிச்சம் பிடிப்பது பிற்பாடுதான் வரும், அதுவும் கசப்பான முடிவுகளிலிருந்து. நகரில் பாதி காலியாகக் கிடந்த பள்ளிகளில் சுமார் இருபதை மூடுவது, துப்புரவை வெளி ஒப்பந்தத்துக்கு விடுவது, மைய அலுவலகத்தைச் சுருக்குவது ஆகியவை குழுவின் பரிந்துரைகளில் இருந்தன. எல்லாம் செய்தாலும் முதலாண்டில் பல கோடி டாலர் பற்றாக்குறை மீதமிருக்கும் என்று குழு எழுதிவைத்தது.

தடங்கல் வாரியத்தில் ஏற்பட்டது. இருபத்துமூன்று பேர், அவர்களில் பலர் இன்னும் தம் பழைய மாவட்டத்தின் பிரதிநிதிகளாகவே உட்கார்ந்திருந்தார்கள். பள்ளி மூடுவதும் ஒப்பந்தத்துக்கு விடுவதும் மாதக்கணக்கில் தள்ளிப்போயின. புது மாவட்டத்துக்கு யார் கண்காணிப்பாளர் என்பதும் முடிவாகவில்லை. பழைய இரு கண்காணிப்பாளர்களும் 2013 தொடக்கத்தில் ஒருவர்பின் ஒருவராக விலகினார்கள். பள்ளி திறக்க ஐந்து மாதம் இருக்கும்போது பொறுப்பில் இருந்தவர் இடைக்கால அதிகாரி. அந்த வசந்தத்தில் நீதிபதியே ஒரு சிறப்பு அலுவலரை அமர்த்தி முடிவுகளை விரைவுபடுத்த வேண்டியிருந்தது.

இதற்குள் புறநகர்கள் அசையாமல் இல்லை. தனி மாவட்டத்துக்கான கணக்கை அவர்கள் துல்லியமாகப் போட்டிருந்தார்கள். மாநில விதிப்படி நகராட்சி மாவட்டத்தில் குறைந்தது 1,500 மாணவர் இருக்க வேண்டும். நகராட்சி தன் பங்காக, 100 டாலர் வரிமதிப்புக்கு 15 சென்ட் சொத்து வரிக்கு இணையான தொகையைத் தர வேண்டும். உள்ளூர் விற்பனை வரியை 2.25 விழுக்காட்டிலிருந்து உச்ச வரம்பான 2.75க்கு உயர்த்தினால் அந்தத் தொகை கிடைத்துவிடும். மீதியெல்லாம் மாநிலப் பணமும், வருகை விகிதப்படி வரும் கவுண்டிப் பணமும். அதாவது நகரப் பிள்ளைகளைக் காத்துவந்த அதே பங்கீட்டு விதி, புதிய மாவட்டங்களுக்கும் அப்படியே பொருந்தியது. 2012 ஆகஸ்ட் 2 அன்று ஆறு புறநகர்களும் வாக்கெடுப்பில் ஒப்புதல் பெற்றன. அதே அரை விழுக்காட்டைக் கவுண்டி முழுவதும் உயர்த்தி எல்லாப் பள்ளிக்கும் கொடுக்கலாம் என்று ஆணையம் வைத்த திட்டம் நவம்பர் வாக்கெடுப்பில் தோற்றது.

நவம்பர் 27 அன்று கூட்டாட்சி நீதிபதி புறநகர் வாக்கெடுப்புகளைச் செல்லாதாக்கினார். மாநிலம் முழுவதற்குமானது போல் எழுதப்பட்டிருந்தாலும் சட்டம் நடைமுறையில் ஒரே கவுண்டிக்குத்தான் பொருந்தும், அது மாநில அரசமைப்புக்கு முரண் என்பது காரணம். பலர் இத்தோடு பிரிவினை முடிந்தது என நினைத்தார்கள். 2013 ஏப்ரலில் சட்டமன்றம் தடையை மாநிலம் முழுவதும் நீக்கிவிட்டது. ஜூலை 16 அன்று ஆறு புறநகர்களும் மீண்டும் வாக்களித்தன. மீண்டும் பெரும் ஆதரவு.

2013–14: ஒரே ஓர் ஆண்டு

2013 ஆகஸ்டில் இணைந்த மாவட்டம் திறந்தது. ஏறத்தாழ ஒரு லட்சத்து நாற்பதாயிரம் மாணவர்கள். அமெரிக்காவின் பெரிய மாவட்டங்களில் ஒன்று. அந்த ஆண்டுக்காகக் கவுண்டி ஆணையம் கூடுதலாக 2 கோடி டாலர் தந்தது. வாரியம் கேட்டிருந்தது அதைவிடப் பலமடங்கு. கவுண்டி சொத்து வரி விகிதம் 100 டாலர் வரிமதிப்புக்கு 4.02இலிருந்து 4.38 டாலராக உயர்ந்தது. உயர்வில் பெரும்பகுதி சொத்து மதிப்பு சரிந்ததை ஈடுகட்டவே போனது. பள்ளிகளுக்காக ஏற்றப்பட்டது ஆறு சென்ட்தான்.

ஒரு வீட்டுக்கு இது எவ்வளவு? டென்னசியில் குடியிருப்பின் சந்தை மதிப்பில் கால்பங்குதான் வரிமதிப்பு. 1,00,000 டாலர் வீட்டுக்கு வரிமதிப்பு 25,000. பழைய விகிதத்தில் ஆண்டுக்கு 1,005 டாலர், புதிய விகிதத்தில் 1,095. பள்ளிக்கான ஆறு சென்ட் மட்டும் 15 டாலர்.

இணைந்த ஆண்டில் பெரிய குழப்பம் எதுவும் நேரவில்லை என்பது ஆசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும் பெருமை. பேருந்துகள் ஓடின, சம்பளம் போனது, மதிய உணவு வந்தது. இருபது ஆண்டு பகைபோல் பேசப்பட்ட இரு அமைப்புகளின் ஊழியர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து கால அட்டவணை போட்டார்கள். ஆனால் அடுத்த ஆகஸ்டில் ஆறு மாவட்டங்கள் பிரிந்துபோகும் என்று எல்லாருக்கும் தெரியும். செப்டம்பரில் வாரியம் ஏழு பேராகச் சுருங்கியது. பின்னர் ஒன்பது தொகுதிகளுக்கு விரிந்தது.

பிரிவு: கட்டடம், கடன், பிள்ளைகள்

2013 நவம்பரில் புறநகர்கள் தம் வாரியங்களைத் தேர்ந்தெடுத்தன. அப்போதும் தீராமல் இருந்தது கட்டடக் கேள்வி. பள்ளிக் கட்டடங்கள் கவுண்டி மாவட்டத்தின் சொத்து. கட்ட வரி கொடுத்ததில் மெம்பிஸ்காரர்களும் அடக்கம். புறநகர்களோ, நாங்களும் கொடுத்ததுதானே, இரண்டாம்முறை ஏன் வாங்க வேண்டும் என்று கேட்டன. இனப்பாகுபாடு என்று கவுண்டி ஆணையம் தொடுத்த வழக்கு வேறு நிலுவையில் நின்றது.

நவம்பர் தொடங்கி சில வாரங்களில் ஒவ்வொன்றாக உடன்பாடுகள் வந்தன. கட்டட விலை என்று எழுதாமல், ஓய்வுபெற்ற ஊழியர்களுக்கு மாவட்டம் தர வேண்டிய மருத்துவக் காப்பீட்டுச் சுமையில் தங்கள் பங்கு என்று எழுதிப் பன்னிரண்டு ஆண்டுத் தவணையாகக் கொடுப்பது ஏற்பாடு. பார்ட்லெட் 72 லட்சம் டாலருக்கு மேல், காலியர்வில் 60 லட்சத்துக்குச் சற்று மேல், ஜெர்மன்டவுன் 42 லட்சத்துக்கு மேல், ஆர்லிங்டனும் லேக்லேண்டும் சேர்ந்து சுமார் 40 லட்சம். பல பள்ளி வளாகங்களுக்கு இது மிகக் குறைந்த தொகை. ஆயினும் இந்த வடிவத்தில் ஒரு நுட்பம் உண்டு: பிரிந்துபோகிறவர்கள் விட்டுச்செல்லும் ஓய்வுபெற்றோர் காப்பீட்டுச் சுமையை யாரும் மறைக்க முடியாதபடி அது தாளில் வைத்தது. இந்தக் கடன்தான் பிரிவினைகளில் வழக்கமாகக் கண்ணில் படாமல் போகும்.

ஜெர்மன்டவுன் எல்லைக்குள் இருந்த மூன்று பள்ளிகளை மட்டும் கவுண்டி மாவட்டம் விடவில்லை. அங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் ஜெர்மன்டவுனுக்கு வெளியே வாழ்ந்தவர்கள். நகராட்சியில் சேராத பகுதிப் பிள்ளைகளுக்கான சட்டப் பொறுப்பும் கவுண்டி மாவட்டத்திடமே நின்றது. நடைமுறையில் அவர்களில் பலரைப் புதிய மாவட்டங்கள் சேர்த்துக்கொண்டன.

2014 ஆகஸ்டில் ஆறு மாவட்டங்கள் திறந்தன. முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் போனார்கள். மீந்த மாவட்டம் ஒரு லட்சத்து 15 ஆயிரம் அளவில், பழைய மெம்பிஸ் மாவட்டத்தின் உருவத்துக்கே திரும்பியது. முக்கிய வேறுபாடு, நகரமன்றத்தின் ஆண்டுப் பங்கு இப்போது இல்லை.

செலவு ஏன் மாணவரோடு போகவில்லை என்பதை விளக்க வேண்டும். 600 இருக்கை உள்ள பள்ளியில் 300 பேர் மிஞ்சினாலும் தலைமையாசிரியர் ஒருவர்தான், கூரை ஒன்றுதான், குளிரூட்டும் இயந்திரம் ஓடித்தான் ஆக வேண்டும். ஒரு மாவட்டத்திலிருந்து 100 மாணவர் விலகும்போது அவர்கள் ஒரே வகுப்பிலிருந்து விலகுவதில்லை. நாற்பது வகுப்பிலிருந்து இரண்டிரண்டாக, மூன்று மூன்றாகப் போகிறார்கள். ஓர் ஆசிரியர் பணியிடம்கூடக் குறையாது, பணம் மட்டும் குறையும். இந்த இடைவெளி ஒரே சமயத்தில் மூன்று திசையிலிருந்து வந்தது: நகராட்சி மாவட்டங்கள், சாசனப் பள்ளிகள் (பொதுப் பணத்தில் தனி அமைப்புகள் நடத்துபவை), மாநிலம் எடுத்துக்கொண்ட பள்ளிகள்.

கற்றலில் என்ன நடந்தது

இணைப்பும் பிரிவும் செய்திகளை நிறைத்த அதே ஆண்டுகளில் வகுப்பறையில் வேறொரு சோதனை நடந்தது. 2010 இல் கூட்டாட்சிப் போட்டி நிதியாக 50 கோடி டாலர் வென்ற டென்னசி, மிகப் பின்தங்கிய 5 விழுக்காட்டுப் பள்ளிகளைத் தன் நேரடிப் பொறுப்பில் எடுக்கும் ஒரு மாநில மாவட்டத்தை உருவாக்கியது. ஐந்தாண்டில் அவற்றை மேல்நிலை 25 விழுக்காட்டுக்குள் கொண்டுவருவது இலக்கு. எடுத்துக்கொண்ட பள்ளிகளில் பெரும்பாலானவை மெம்பிஸில் இருந்தன.

உள்ளூர் மாவட்டமும் 2012 இல் தன்னிடமிருந்த நலிந்த பள்ளிகளுக்கு ஒரு தனி மண்டலம் அமைத்தது. வலுவான தலைமையாசிரியரைத் தேர்ந்து அனுப்பி, ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அவருக்குக் கொடுத்து, நாளுக்கு ஒரு மணி நேரம் கூட்டி, அதற்கான ஊதியமும் தந்தார்கள். 2015 இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டையும் ஒப்பிட்டபோது உள்ளூர் மண்டலத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரிந்தது; மாநில மாவட்டத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. மாநில மாவட்டம் தன் இலக்கை எட்டவில்லை. 2009 இல் ஆசிரியர் தரத்தை உயர்த்த ஓர் அறக்கட்டளை மெம்பிஸுக்கு அறிவித்த 9 கோடி டாலர் திட்டமும், 2018 இல் வெளியான மதிப்பீட்டின்படி, மாணவர் தேர்ச்சியை எதிர்பார்த்தபடி உயர்த்தவில்லை.

ஆட்சியமைப்பை மாற்றிய இடத்தில் தேர்ச்சி தானாக உயரவில்லை. உயர்ந்த இடத்தில் நடந்தவை நல்ல ஆசிரியரை இடம் மாற்றியதும் நேரத்தைக் கூட்டியதும். அதற்கு ஒரு விலையும் இருந்தது: மண்டலத்துக்குப் போன திறமையான ஆசிரியர்களில் சிலர் அதே மாவட்டத்தின் வேறு பள்ளிகளிலிருந்து வந்தவர்கள்.

எதை மாற்றிச் செய்திருக்கலாம்

சாசனத்தை ஒப்படைக்கும் வாக்குக்கு முன், பணம் வரும் ஒவ்வொரு வழிக்கும் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும்: இந்த மாவட்டம் இல்லாமல் போனால் இந்தப் பணம் தொடருமா, யார் தருவார், எந்தச் சட்டப் பிரிவின்கீழ்? நகரமன்றத்தின் ஆறு கோடி டாலர் அந்தத் தாளில் முதல் கேள்விக்கே விழுந்திருக்கும். நகரம் சில ஆண்டுகளுக்குக் குறைந்துகொண்டே வரும் தொகையைத் தருவது என்ற உடன்பாட்டைச் சாசன ஒப்படைப்புக்கு முன்நிபந்தனையாக்கியிருக்கலாம். கையில் சாசனம் இருந்தவரை பேரம் பேச வலு இருந்தது. டிசம்பர் 20க்குப் பிறகு அது இல்லை.

திரும்பப் பெற முடியாத முடிவுக்கு ஒன்பதில் ஐந்து போதாது. மூன்றில் இரண்டு என்ற வரம்பு வாரியத்தின் சொந்த விதியிலேயே இருந்திருந்தால், பேச்சுவார்த்தை இன்னும் சில மாதமாவது நீடித்திருக்கும். 23 பேர் வாரியமும் தேவையில்லை. நியமன உறுப்பினர் ஏழு பேர் மட்டுமே ஈராண்டு பொறுப்பேற்று, பழைய இரு வாரியங்களும் ஆலோசனை அமைப்புகளாக நின்றிருந்தால், பள்ளி மூடும் முடிவுகள் 2012 இலேயே வந்திருக்கும் என்பது எங்கள் மதிப்பீடு. கண்காணிப்பாளரை இணைப்புக்கு ஓராண்டு முன்பே அமர்த்தியிருக்க வேண்டும்.

மாநிலத்தின் பக்கத்திலும் ஒரு திருத்தம் வேண்டும். பிரிந்துபோக விரும்பும் நகராட்சி, தன்னால் மீந்த மாவட்டத்தில் ஏற்படும் நிலைச்செலவு இடைவெளியில் தன் பங்கை மூன்று முதல் ஐந்தாண்டு தர வேண்டும் என்று சட்டத்தில் எழுதலாம்; ஓய்வுபெற்றோர் காப்பீட்டுச் சுமைக்குச் செய்ததுபோலவே. 15 சென்ட் என்ற குறைந்தபட்சப் பங்கு பிரிவதை மலிவாக்கிவிட்டது.

பின்னர் வந்த மாற்றங்களில் ஒன்று பயனுள்ளது. 2022 இல் நிறைவேறி 2023–24 முதல் நடைமுறைக்கு வந்த புதிய மாநிலச் சூத்திரம், மாணவருக்கு ஓர் அடிப்படைத் தொகை வைத்து (முதலாண்டில் அது 6,860 டாலர்), வறிய குடும்பத்துப் பிள்ளைக்கு 25 விழுக்காடு கூட்டுகிறது. முதலாண்டில் அப்படி ஒரு பிள்ளைக்கு 8,575 டாலர் கணக்கானது. வறுமை செறிந்த பள்ளியானால் இன்னும் 5 விழுக்காடு சேரும். பணம் பிள்ளையின் தேவையைப் பார்த்து வருவதால் எல்லைக்கோட்டின் மீதான சண்டைக்கு ஒரு காரணம் குறைகிறது. ஆனால் மாநிலம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் இதில் 70 விழுக்காடுதான் மாநில அரசுடையது. மீதி 30 உள்ளூர், ஷெல்பியில் அந்தப் பணத்தை இன்றும் கவுண்டி ஆணையமே ஆண்டுதோறும் ஒதுக்குகிறது.

மாவட்டம் 2022 இல் மெம்பிஸ்-ஷெல்பி கவுண்டி பள்ளிகள் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு மாநிலச் சட்டம் ஒன்று ஜெர்மன்டவுனின் அந்த மூன்று பள்ளிகளையும் கவுண்டி மாவட்டம் கைவிட வழிசெய்தது. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்காக, அவர்களில் பலர் வாழும் கார்டோவா பகுதியில் புதிய உயர்நிலைப் பள்ளி கட்ட உடன்பாடு கையெழுத்தானது.